பதினான்கும் பதினாறும்

கடித எண்: 213
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
3 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை, காலை மணி 9.20

அன்புத் தங்கை புஷ்பவல்லிக்கு அண்ணன் ரெங்கசாமி எழுதுவது.

இங்கு இருவரும் நலம். இன்று காலை 6.45க்கு என் இரத்த அழுத்தம் 138/82. உன் அண்ணி இராஜம்மாவின் முழங்கால் வலி சென்ற மாதத்தைவிடத் தணிந்திருக்கிறது. கிள்ளானில் உன் உடல்நிலை எப்படி என்பதைத் தேதி வாரியாக எழுது. 'பரவாயில்லை' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது பதிலாகாது. உன் காது தொலைபேசிக்கு ஒத்துவராமல் போனபின் இந்தக் கடிதங்களை விட்டால் நமக்கு வேறு வழியில்லை.

வரும் 22 மார்ச், சனிக்கிழமை மாலை 5.00 மணிக்கு எங்கள் வாசகர் மன்றத்தில் 'பலன் கருதா உதவி மனிதனால் இயலுமா' என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பதினொரு பக்கம் எழுதியுள்ளேன். இயலும் என்பதே என் முடிபு. சான்றாக என் சனிக்கிழமை மேசையையே காட்டியிருக்கிறேன். 5 ஜனவரி 1991 தொடங்கி முப்பத்து நான்கு ஆண்டுகளாக, பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாத நம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அவர்களிடம் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. நீ தமிழ்ப்பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டு கட்டுரை திருத்தியவள். பிழை இருந்தால் சிவப்பு மையால் குறித்து அனுப்பு.

உன் அண்ணன்,
ரெங்கசாமி

இணைப்பு: உரையின் படி, 11 பக்கங்கள்.


கிள்ளான்
11.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இருவரின் நலம் கண்டு மகிழ்ச்சி. என் நலம் தேதி வாரியாக: முதல் தேதி இருமல். நான்காம் தேதி இருமல் இல்லை. ஏழாம் தேதி உங்கள் பதினொரு பக்கம் வந்து சேர்ந்ததில் சிறிது தலைவலி.

எழுத்துப்பிழை இரண்டுதான். கருத்துதான் இடிக்கிறது. தேநீர் குடிக்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் தெருவில் நடந்தால் பூக்கடைக்காரர் முதல் தையல்காரர் வரை எழுந்து நின்று "சார் வணக்கம்" என்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்? கொடுக்கிறவன் எதையும் வாங்காமல் வீடு திரும்புவதில்லை, அண்ணா. மரியாதையாவது வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறான். இது என் எண்ணம்.

உங்கள் கொள்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்புத் தருகிறேன். என் பக்கத்து வீட்டில் அமுதவள்ளி என்று ஒருத்தி எட்டு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறாள். கேட்டரிங் சமையலுக்குப் போகிறவள். எனக்கும் இரண்டு வேளை ஆக்கிப் போட்டு, மாத்திரை எடுத்து வைத்துவிட்டுத்தான் போவாள். வயது நாற்பத்தாறு. அவள் பிறப்பு பதிவாகவே இல்லை. நீலம், சிவப்பு என்று எந்த நிற அடையாள அட்டையும் கையில் கிடையாது. இரண்டு முறை மனுச் செய்தாள். பிறப்பை அறிந்த சாட்சி இல்லையென்று இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள். மூன்றாவது நேர்காணல் ஏப்ரல் 24. எங்கே பிறந்தாய் என்று முந்தாநாள்தான் கேட்டேன்.

"பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல, டீச்சர். அப்பா வீரப்பன், அம்மா மாரியாயி. அங்க ஒரு கிளார்க் அண்ணன் எல்லாருக்கும் ஃபாரம் எழுதிக் கொடுப்பாராம். அவரு உசுரோட இருந்தா சாட்சி சொல்வாருன்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு லா."

அந்தக் கிளார்க் நீங்கள்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் சம்மதக் கடிதம் வந்ததும் அதைக் காட்டியே சொல்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை,
புஷ்பவல்லி


கடித எண்: 214
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
17 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை, காலை மணி 10.05

அன்புத் தங்கைக்கு,

இரத்த அழுத்தம் 151/90. வெயில் காரணமாக இருக்கலாம். உன் இருமல் நின்றது பற்றி மகிழ்ச்சி.

நீ குறித்த இரு பிழைகளில் ஒன்று பிழையன்று. விளக்கம் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

நீ எழுதிய பெண்ணைப் பற்றி: காலங்கடந்த பதிவுக்குச் சாட்சி சொல்பவர் பிறப்பை நேரடியாக அறிந்தவராக இருக்க வேண்டும். பிறர் சொல்லிக் கேள்விப்பட்டது சாட்சியாகாது. குவார்ட்டர்ஸில் அக்காலத்தில் நூறு குடும்பங்கள் இருந்தன. எல்லாக் குழந்தைகளையும் நினைவில் வைத்திருப்பது எவராலும் இயலாது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் உறவினர் யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல். மனுவை எழுதி அனுப்பினால் நான் திருத்தித் தருகிறேன்.

என் பெயரை அவளிடம் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்,
ரெங்கசாமி

இணைப்பு: பிழை விளக்கம், 1 தாள்.


கிள்ளான்
24.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வெயிலில் அலைய வேண்டாம், அழுத்தத்தைக் கவனியுங்கள்.

பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் புதன்கிழமையே சொல்லிவிட்டேன். வாய் நிற்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "டீச்சர், அந்த அண்ணன் உங்க கூடப் பொறந்தவரா? எட்டு வருஷமா இதே ஊட்லதான் சோறு பொங்கிக்கிட்டு இருக்கேன்" என்று அரை மணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுநாள் உங்களுக்கென்று ஒரு டப்பா கேசரி செய்து கொண்டுவந்தாள். தபாலில் அனுப்ப முடியாது என்று நானே சாப்பிட்டேன்.

அவள் பிறந்தது 16 ஆகஸ்ட் 1978. பள்ளிப் பதிவு, கிளினிக் அட்டை எல்லாவற்றிலும் அந்தத் தேதிதான். தகப்பன் பிறப்புப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கிளார்க் அண்ணனிடம் கொடுத்தானாம், நீங்கள் அதை ஆபீசில் சேர்த்தீர்களாம், ஆபீசில் தொலைத்துவிட்டார்களாம். அவள் அம்மா சொன்னது இது. இதற்கு மேல் நேரடி சாட்சி வேறென்ன வேண்டும்? "ஆம், நான் சேர்த்தேன்" என்று நீங்கள் ஒரு வரி சொன்னால் போதும்.

பதினொரு பக்கத்தில் உதவியைப் பற்றி எழுதியவர் ஒரு வரிக்கு ஏன் தயங்குகிறீர்கள்?

தங்கை,
புஷ்பவல்லி


கடித எண்: 215
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
10 மார்ச் 2025, திங்கட்கிழமை, காலை மணி 8.50

அன்புத் தங்கைக்கு,

நலம். அழுத்தம் அளக்கவில்லை, கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டது.

சத்தியப் பிரமாணம் என்பது கேசரிக்கு ஈடாகக் கொடுக்கப்படுவதன்று. ஓர் எழுத்துப் பொய்யானாலும் அது குற்றம். நான் எதையும் சேர்த்ததாக எனக்கு நினைவில்லை. அக்குழந்தை பிறந்த நேரத்தில் நான் வீட்டிலும் இல்லை. அன்று திங்கட்கிழமை, காலை ஏழு முதல் மாலை நாலரை வரை பணிமனையில் வருகைப் பதிவேட்டுடன் இருந்தேன். பிறப்பைக் கண்ணால் பார்த்த சாட்சி என்று என்னைக் கொண்டு நிறுத்துவது அவளுக்கே பாதகமாகும்.

வேறு சாட்சியைத் தேடுவதே முறை. இதுபற்றி மேலும் எழுத வேண்டாம்.

ரெங்கசாமி


கிள்ளான்
15.3.2025

அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இல்லை என்று தெரிகிறது. மின்கலம் தீர்ந்தால் அன்றைக்கே கடைக்குப் போய் வாங்குகிறவர் நீங்கள்.

16 ஆகஸ்ட் 1978 புதன்கிழமை. கைப்பேசி நாட்காட்டியில் மூன்று முறை பார்த்தேன். நீங்கள் திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு யார் எழுதியிருந்தாலும் மறதி என்று விட்டிருப்பேன். என் திருமணத்தன்று என்ன கிழமை, பந்தி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறவர் நீங்கள். கிழமையில் நீங்கள் தவறுவதில்லை. அப்படியானால் அவள் பிறந்தது திங்கட்கிழமைதான். ஊர் உலகத்தில் யாருக்கும் தெரியாத அந்தக் கிழமை உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

இரண்டு இரவு யோசித்துவிட்டுக் கேட்கிறேன். அந்த வருடம் நான் பேராக்கில் வேலையில் இருந்தேன். இங்கே என்ன நடந்ததென்று தெரியாது. அமுதவள்ளி உங்கள் மகளா?

கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் பதில் எழுதுங்கள். இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அவள் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.

புஷ்பவல்லி


கடித எண்: 216
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
7 ஏப்ரல் 2025, திங்கட்கிழமை, காலை மணி 11.15

அன்புத் தங்கை புஷ்பவல்லிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் கிடைத்து இருபது நாளாகிறது. தாமதத்திற்குக் காரணம் தபால் அன்று.

அவள் என் மகள் அல்லள். நீ அப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அதுவாக இருந்திருந்தால் எழுதுவது எளிது என்று தோன்றியது.

அவள் பிறந்தது 14 ஆகஸ்ட் 1978, திங்கட்கிழமை, காலை 10.40. மருத்துவச்சி எழுதிக் கொடுத்த சீட்டு என்னிடம் இருக்கிறது. வீரப்பன் கைநாட்டு வைத்த பத்திரமும் என்னிடமே இருக்கிறது.

17ஆம் தேதி, வியாழன், மாலை ஐந்தரைக்கு வீரப்பன் வந்தான். தண்டவாளத்தில் கல் போடும் வேலைக்காரன். பொதுக்குழாயடியில் நான் கைகால் கழுவிக்கொண்டிருந்தேன்; சுற்றிலும் ஆறேழு பேர்.

"கிளார்க் அண்ணே, தேதிய மட்டும் பதினாறுன்னு போட்டுடுங்க" என்றான்.

"சீட்டுல பதினாலுன்னு இருக்கே."

"பதினாலு மூலமாம்ணே. பொண்ணு மூலத்துல பொறந்தா மாமனாருக்கு ஆகாதாம். நாளைக்கு எவன் ஊட்டுல கட்டிக்குவான்? பதினாறு உத்திராடம். பூசாரிகிட்ட கேட்டுட்டுத்தான் வரேன்."

"சர்க்கார் புஸ்தகத்துல நட்சத்திரம் எல்லாம் கெடையாது. நான் பொய் எழுத மாட்டேன்."

"ரெண்டு நாளு தானண்ணே. இதுல யாருக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?"

நான் மறுபடியும் மறுத்தேன். பத்திரத்தையும் சீட்டையும் என் கையில் திணித்துவிட்டு, போகும்போது மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான்: "நாலு எழுத்து தெரிஞ்சுட்டா திமிரப் பாரு. இவரு எழுதலன்னா எம்புள்ள பொறக்கலன்னு ஆயிடுமா லா?"

அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

அவன் திரும்பி வந்து பதினான்கு என்றே போடுங்கள் என்று சொல்லட்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அவன் வரவில்லை. எப்படியும் நான் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று அவன் நம்பியிருக்கிறான். எல்லோருக்கும் நான் அப்படித்தான் செய்து வந்தேன். பதிவுக்குப் பதினான்கு நாள் கெடு. 28ஆம் தேதி, திங்கட்கிழமை, மதியம் இழுப்பறையைத் திறந்து அதை வெளியே எடுத்துப் பார்த்தேன். பதினான்கு என்று எழுதி நானே சேர்த்திருக்கலாம். கைநாட்டு ஏற்கெனவே அதில் இருந்தது. உண்மைக்கும் பொய்க்கும் இடையில் நான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே வைத்து மூடினேன். மறந்துவிட்டேன் என்று உனக்கு எழுத முயன்று மூன்று தாள்களைக் கிழித்தேன். மறக்கவில்லை. செப்டம்பர் 2 அன்று அவனைக் கிள்ளான் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

இத்துடன் முடியவில்லை. 19 நவம்பர் 1990 அன்று மாரியாயி என் வீட்டிற்கு வந்தாள். புருஷன் இறந்திருந்தான். மகளுக்குப் பன்னிரண்டு வயது. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் பிறப்புப் பதிவே இல்லை என்றார்களாம். "நீங்க கொடுத்த பத்திரத்துக்கு ஏதாச்சும் நம்பர் இருக்கா அண்ணே?" என்று கேட்டாள். "ஆபீசுல தொலைச்சிருப்பாங்க" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதற்கு நாற்பத்தேழாம் நாள் சனிக்கிழமை மேசையைத் தொடங்கினேன்.

22 மார்ச் அன்று நான் உரையாற்றவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியனுப்பினேன். அதுவும் பொய்.

நேற்று இராஜம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்தப் பேப்பர நான் அப்பவே பாத்தேன். கொடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். திருப்பியும் பாத்தேன். அப்புறம் உங்ககிட்ட கேக்க பயமா இருந்துச்சு" என்றாள்.

சாட்சி சொல்ல வருகிறேன். என்ன சொல்வது என்பதை நீ எழுது.

ரெங்கசாமி


கிள்ளான்
10.4.2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. அண்ணி நன்றாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே அவள் "டீச்சர், ரசம் ஆறுது" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். உங்களைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. நேரம் இல்லை.

காரியத்தை மட்டும் பேசுவோம். அவளிடம் இருக்கும் காகிதம் அத்தனையும் பதினாறு என்கிறது. உங்கள் சீட்டு பதினான்கு என்கிறது. இரண்டு தேதி என்றால் அதிகாரி சந்தேகப்படுவார்; மூன்றாவது முறையும் போய்விட்டால் அவளுக்கு இனி நடக்கத் தெம்பில்லை. எனவே சீட்டை வெளியே எடுக்காதீர்கள். "பதினாறாம் தேதி பிறந்தாள், குழந்தையாகப் பார்த்தேன், பத்திரத்தை நான்தான் சேர்த்தேன்" என்று சத்தியம் செய்யுங்கள். எல்லாம் ஒத்துப்போகும். பொய் சொல்ல மாட்டேன் என்று நாற்பத்தாறு வருடத்திற்கு முன் ஒருமுறை நின்றீர்கள். அவளுக்காக இப்போது ஒருமுறை சொல்லுங்கள். உங்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது என்று எனக்குத் தெரியும். மற்றதை நேர்காணல் முடிந்தபின் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம், அல்லது சொல்லாமலே விடலாம்.

நானும் உங்களைக் கைநீட்டிப் பேச யோக்கியதை உள்ளவள் இல்லை. எட்டு வருடமாக அவள் என் வீட்டில் புழங்குகிறாள். எங்கே பிறந்தாள் என்று இந்தப் பிப்ரவரியில்தான் கேட்டேன். அட்டை கிடைத்தால் அவள் ஜொகூரில் இருக்கும் மகள் விஷ்ணுப்ரியாவிடம் போய்விடுவாள். மாத்திரையை யார் எடுத்து வைப்பார்கள் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. நான் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதானா என்று இப்போது யோசிக்கிறேன். தெரியவில்லை.

உடனே பதில் போடுங்கள்.

புஷ்பவல்லி


கடித எண்: 217
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 ஏப்ரல் 2025, திங்கட்கிழமை, சித்திரைப் புத்தாண்டு, காலை மணி 7.30

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக அமையட்டும். அழுத்தம் 160/94, மருத்துவர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ சொன்ன வழியை மூன்று நாள் யோசித்தேன். பதினாறு என்று சத்தியம் செய்வது என் வாழ்நாள் கொள்கையை அவளுக்காகக் கொடுப்பது போலத் தோன்றும். உண்மையில் அதனால் காப்பாற்றப்படுவது நான். பத்திரத்தை ஆபீசில் தொலைத்தார்கள் என்ற கதை நிலைத்துவிடும். தெருவில் எழுந்து நிற்பவர்கள் தொடர்ந்து நிற்பார்கள். இந்தத் தியாகத்தில் எனக்கு இலாபம் அதிகம்.

உண்மையைச் சொன்னாலும் எனக்கு இலாபம் உண்டு. இரவில் உறக்கம் வரலாம். ஆக எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கைக்கு ஏதோ ஒன்று வந்து சேர்கிறது. பிப்ரவரியில் நீ எழுதியது சரி. என் பதினொரு பக்கம் தவறு. ஆனால் என் மனம் தூய்மையானதா என்று நான் சோதித்து முடிக்கும்வரை அவள் அட்டையில்லாமல் காத்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கு எது பயன்படும் என்று மட்டும் பார்த்தேன். முப்பத்து நான்கு ஆண்டு இந்த மனுக்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாய்ச்சொல்லைவிட அன்றைய மருத்துவச்சியின் சீட்டு பத்து மடங்கு வலுவானது. அது ஏன் என்னிடம் இருந்தது, தேதி ஏன் மாறியது என்பதை ஒருவன் சத்தியமிட்டு விளக்கினால்தான் அது செல்லும். நான் பெயரில்லாமல் தபாலில் அனுப்பிவைத்தால் அவள்தான் போலி செய்தாள் என்பார்கள். எனவே என் பெயரோடுதான் அது போக வேண்டும்.

சாட்சியாக என்னை ஏற்பதா வேண்டாமா என்பது அவள் உரிமை. ஆகவே நேர்காணலுக்குப் பின் அன்று, முன்னரே அவளுக்குத் தெரிய வேண்டும். நடந்ததை ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். நீயே அவளுக்குப் படித்துக் காட்டு. இடையில் நிறுத்தாதே, எனக்காக எதையும் மென்மையாக்காதே.

உன் அண்ணன்,
ரெங்கசாமி

இணைப்பு: அமுதவள்ளிக்கு நிகழ்ச்சிக் குறிப்பு, 1 தாள்.


கிள்ளான்
18/4/2025

அங்கிளுக்கு வணக்கம்,

நான் ஆறாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சேன். தப்பு இருந்தா டீச்சர் திருத்த வரேன்னு சொன்னாங்க, வேண்டாம்னுட்டேன். நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும். லெட்டர்ல அப்படித்தான் எழுதணுமாம். கேட்டாச்சு.

டீச்சர் புதன்கிழமை படிச்சுக் காட்டினாங்க. மறுநாள் நான் வேலைக்குப் போகல. எங்கம்மா சாகுற வரைக்கும் ஆபீஸ்காரங்களத்தான் திட்டுச்சு. உங்கள ஒரு நாளும் திட்டல. சாமி கும்பிடுறப்ப கிளார்க் அண்ணன்னு உங்களையும் சேத்துச் சொல்லும். எனக்கு அதுதான் தாங்க முடியல. ரோட்ல போலீஸ் நின்னா நான் இன்னமும் சந்துல பூந்துதான் போறேன். என் கல்யாணத்தப் பதிய முடியல. இதெல்லாம் உங்களுக்குத் தெரியட்டும்னு எழுதுறேன்.

அப்ப நான் மூலம். எங்கப்பா பயந்தாரு. என் மாமனாரு எண்பத்தாறு வயசு வரைக்கும் ரெண்டு வேளை மீன் கொழம்பு கேட்டு வாங்கித் தின்னுட்டுத்தான் போனாரு.

உங்க பேப்பர்ல மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை இல்ல. டீச்சர் பின்பக்கம் திருப்பிப் பாத்தாங்க. இல்லாதது நல்லது. இருந்தா நான் பதில் சொல்லணும். எங்கிட்ட பதில் இல்ல.

24ஆம் தேதி காலையில ஏழரைக்குக் கிள்ளான் ரயில் ஸ்டேஷன் வாசல்ல நில்லுங்க. நாங்க கிராப் டாக்சி எடுத்து வரோம். லேட் பண்ணாதீங்க. ஐசி அட்டைய எடுத்துட்டு வாங்க. உங்க ஐசி.

அமுதவள்ளி


கடித எண்: 218
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
26 ஏப்ரல் 2025, சனிக்கிழமை, காலை மணி 10.00

அன்புத் தங்கை புஷ்பவல்லிக்கு,

நலம். அழுத்தம் 144/86. வியாழக்கிழமை வெயிலில் காத்திருந்தது உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுது. உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அமுதவள்ளியையும் என்னையும் மட்டும் உள்ளே அழைத்ததால், அங்கு நடந்ததை முறையாக உனக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். காரில் திரும்பும்போது இருவரும் பேசவில்லை என்பதை நீயே பார்த்தாய்.

காலை 11.50க்கு அழைத்தார்கள். இளம் அதிகாரி. என் பிரமாணத்தை முழுவதும் படித்தார். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருத்துவச்சியின் முத்திரையைத் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். மலாயில்தான் பேச்சு. நான் குற்றத்தை ஒப்புக்கொண்ட இரண்டாம் பத்தியை எனக்கு எதிரிலேயே மீண்டும் வாய்விட்டு வாசித்தார். பிறகு, "நாற்பத்தாறு ஆண்டு இதை வைத்திருந்துவிட்டு ஏன் இப்போது வருகிறீர்கள், பாக்சிக்?" என்று, பெரியவரை அழைக்கும் மரியாதை குறையாமல் கேட்டார்.

இதற்கு நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். நான்கு வாக்கியங்கள். வாய் திறக்கும்முன் அமுதவள்ளி சொன்னாள்: "இப்போதுதான் நாங்கள் அவரைக் கேட்டோம், ஐயா. கேட்டதும் வந்துவிட்டார்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதையோ எழுதிக்கொண்டு கோப்பை ஏற்றுக்கொண்டார். முடிவு தெரிய ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். மனுவில் பிறந்த தேதி 14 என்று திருத்தப்பட்டிருக்கிறது.

நடைவழியில் அவளுக்கு நன்றி சொல்ல முயன்றேன். "அது உங்களுக்காகச் சொல்லல அங்கிள். அவரு மணியப் பாத்துக்கிட்டே இருந்தாரு, நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்கன்னு டீச்சர் சொல்லிருக்காங்க" என்றாள். அதன்பின் உன்னிடம் வந்துவிட்டோம்.

அவள் உண்மையிலேயே நேரத்தைக் கருதித்தான் சொன்னாளா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவளிடம் கேட்க மாட்டேன். நீயும் கேட்காதே.

இன்று சனிக்கிழமை. வீட்டில் இருக்கிறேன். மேசையை என்னுடன் நடத்தும் ருக்கையாவிடம் 19ஆம் தேதியே எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அங்கிள், கொஞ்ச நாளைக்கு நீங்க வரணும்னு இல்ல. இங்க வர்றவங்க நம்மள நம்பித்தான் பேப்பரக் கொடுக்குறாங்க" என்றாள். அது சரியான முடிவு. சாவியை ஒப்படைத்தேன். பூக்கடைக்காரருக்கு இன்னும் செய்தி போகவில்லை. இன்று காலையும் எழுந்து நின்றார். தாமதமானால் நானே சொல்லிவிடுவேன்.

அமுதவள்ளிக்கு அட்டை கிடைத்து அவள் ஜொகூருக்குப் புறப்பட்டால், உன் மாத்திரைகளை வார நாட்களின் பெயரிட்ட பெட்டியில் போட்டு வைக்க இராஜம்மாவும் நானும் ஞாயிறுதோறும் கிள்ளானுக்கு வருகிறோம். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்,
ரெங்கசாமி

இணைப்புகள்:
1. 21 ஏப்ரல் 2025 அன்று உறுதிமொழி ஆணையர் முன் கையொப்பமிட்ட சத்தியப் பிரமாணத்தின் படி, 2 பக்கங்கள். மனுதாரரின் கோப்பிற்கு.
2. மனு ஏற்கப்பட்டதற்கான ரசீதின் படி, 1 தாள். எண் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.
3. மருத்துவச்சியின் சீட்டு, அசல். அதிகாரி சரிபார்த்துத் திருப்பித் தந்தார். இது அவளுடையது.
4. அமுதவள்ளியிடம் மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய கடிதம், 2 பக்கங்கள், ஒட்டிய உறையில். அவளிடம் கொடுக்காதே. என்னிடம் இருந்தால் ஒருநாள் கொடுத்துவிடுவேன் என்பதால் உன்னிடம் அனுப்புகிறேன்.